இழுப்பறையில் கிடக்கும் சிம் கார்டு

ஊரை விட்டுப் போனவரை ஊரோடு இன்னும் கட்டிவைத்திருப்பது எது என்று கேட்டால் அம்மா என்பார்கள், நிலம் என்பார்கள், கொஞ்சம் சட்டம் தெரிந்தவர்கள் பாஸ்போர்ட் என்பார்கள். அன்றாடத்தில் பார்த்தால் அது ஒரு பத்து இலக்க மொபைல் எண். வங்கிக் கணக்கு, வருமான வரித் தளம், ஆதார், பிஎஃப், டிமேட், எல்ஐசி, அப்பாவின் மருத்துவக் காப்பீடு என்று எதைத் திறந்தாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்தச் சிம் துபாயிலோ டொரண்டோவிலோ ஏதோ ஒரு இழுப்பறையில், ரீசார்ஜ் தேதி தெரியாமல் கிடக்கும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் கொண்டுவந்த விதிப்படி, பிரீபெய்ட் எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் உயிரோடு வைத்திருக்க வேண்டும். இது காகிதத்தில். நடைமுறையில் பிளான் முடிந்த கையோடு வெளிச்செல்லும் அழைப்பு நின்றுவிடும். உள்வரும் எஸ்எம்எஸ் எப்போது நிற்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துண்டித்த எண்ணை 90 நாளுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று டிராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குப் பிறகு உங்கள் வங்கியின் ஓடிபி, சிம்மைப் புதிதாக வாங்கிய யாரோ ஒருவரின் போனில் விழலாம்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை, ஆனால் கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். சர்வதேச ரோமிங்கை இந்தியாவில் இருக்கும்போதே இயக்குங்கள். வெளியே போனபின் அதை இயக்கக் கேட்கும் உறுதிப்படுத்தல் எஸ்எம்எஸ்ஸே உங்களுக்கு வந்து சேராது. டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ரோமிங்கில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, அழைப்பை எடுத்தால்தான் பில் ஏறும். ஓடிபி எண்ணை, போனுக்குள்ளேயே பதியும் இசிம்மாக மாற்றும் ஆசை பலருக்கு வருகிறது. போன் உடைந்தால் இசிம்மும் அதோடு போய்விடும், புதுப் போனுக்கு மாற்ற அனுமதி கேட்கும் செய்தி பழைய போனுக்கே போகும். சிம் மாற்றிய முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸும் முடக்கப்படும். பிளாஸ்டிக் சிம் என்றால் கழற்றி எந்த மலிவுப் போனிலும் போட்டுக்கொள்ளலாம். ஓடிபிக்கு அதுவே போதும். என்ஆர்ஐ கணக்குகளுக்கு வெளிநாட்டு எண்ணைப் பதிய வங்கிகள் இப்போது விடுகின்றன. சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாட்டு எண்களை என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளின் யுபிஐயோடு இணைக்க 2023 ஜனவரியில் வழி திறந்தது. அதை முதலில் செய்துவிட்டால் இழுப்பறைச் சிம்மின் வேலை பாதியாகக் குறையும்.

முழுக்கக் குறையாது. 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது: வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால் மட்டுமே ஓட வேண்டும். கணினியில் திறந்த வெப் பதிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேறிவிட வேண்டும். சைபர் மோசடியைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். மோசடி நிஜம்தான். ஆனால் இந்திய எண்ணில் வாட்ஸ்அப் வைத்துக்கொண்டு மஸ்கட்டில் உள்ளூர்ச் சிம்மில் பேசும் கொத்தனாருக்கு இதன் பொருள் என்ன என்று உத்தரவை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

அரசின் தலையீடு முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்னும் லிபர்டேரியன்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் ஒரு விஷயம் உண்டு. ஓட்டுப் போடுவதைவிடப் பெரிய உரிமை பெட்டியைக் கட்டும் உரிமை. அரசு பிடிக்கவில்லையா, அடுத்த ஊருக்குப் போ, அரசுகள் உனக்காகப் போட்டி போடட்டும். கேட்க நன்றாக இருக்கும். இணையத்தில் இதை ‘ஐந்து கொடி’ என்று விற்கிறவர்களும் உண்டு: ஒரு நாட்டில் பாஸ்போர்ட், இன்னொன்றில் வரிவசிப்பிடம், மூன்றாவதில் வங்கி, நான்காவதில் கம்பெனி, ஐந்தாவதில் கடற்கரை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், அது வேறு பாஸ்போர்ட்காரர்களுக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. வெளியேறும் உரிமை நமக்கு ஒரு கோட்பாடாக வந்து சேரவில்லை. ஒரு வழக்கு, ஒரு நாட்காட்டி, ஒரு வங்கிப் படிவம் என்று சில்லறை சில்லறையாகத்தான் வந்தது. அந்தச் சில்லறையை எண்ணத் தெரிந்தால்தான் அது கையில் நிற்கும்.

வழக்கிலிருந்து தொடங்கலாம். 1967 வரை இந்தியாவில் பாஸ்போர்ட் தருவது அரசின் தயவு. தரலாம், தராமல் போகலாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த சத்வந்த் சிங் சாஹ்னியிடம் அப்படித்தான் திருப்பிக் கேட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரல் 10 அன்று, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், வெளிநாடு செல்வது அரசியலமைப்பின் 21-வது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் தலைமை நீதிபதி கோகா சுப்பாராவ். மறுநாள் பதவியை விட்டுவிட்டு, அந்த ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றார். அவர் பின்னால் நின்ற கட்சிகளில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் ஒன்று. ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி திட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மண்ணில் லிபர்டேரியன் அரசியல் என்று சுட்டிக்காட்ட ஏதாவது இருந்தது என்றால் அது மதராஸில் 1959-ல் பிறந்த அந்தக் கட்சிதான். இன்று அதன் பெயரைச் சொன்னால் கேள்விக்குறியோடு பார்க்கிறார்கள்.

தீர்ப்பு வந்ததும் அரசு வாளாவிருக்கவில்லை. ஜூன் மாதத்துக்குள் பாஸ்போர்ட் சட்டம் வந்துவிட்டது. தயவு போய்ச் சட்டம் வந்தது முன்னேற்றம்தான், ஆனால் பிடுங்கும் அதிகாரமும் அதே சட்டத்தில் பத்தாவது பிரிவாக உட்கார்ந்துகொண்டது. 1977-ல் ஜனதா அரசு மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ‘பொதுநலன் கருதி’ என்று கேட்டது அந்தப் பிரிவை வைத்துத்தான். 1978 ஜனவரியில் வந்த அந்த வழக்கின் தீர்ப்பு, பறிக்கும் நடைமுறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்றது. சட்டக் கல்லூரிகளில் இதை வெற்றியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் திருப்பிக் கொடுக்கும்படி அந்தத் தீர்ப்பு உத்தரவிடவில்லை. அவர் தரப்பைக் கேட்கிறோம் என்று அரசு வாக்களித்ததோடு வழக்கு முடிந்தது.

இன்றைய தடை பெரும்பாலும் எஃப்ஐஆர் வழியாக வருகிறது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம். விலக்கு வேண்டுமென்றால் 1993 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை ஒன்று உண்டு. வழக்கு நடக்கும் நீதிமன்றத்திடம் வெளிநாடு போக அனுமதி வாங்கி வர வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உத்தரவில் எத்தனை ஆண்டு என்று எழுதியிருக்காவிட்டால் ஓராண்டுக்கான பாஸ்போர்ட்தான் கிடைக்கும். ஓராண்டுப் பாஸ்போர்ட்டில் வேலை விசா எப்படி வாங்குவது? அதனால் மனுவிலேயே ‘பத்தாண்டுக்கு’ என்று கேட்கும்படி வழக்கறிஞரிடம் வற்புறுத்த வேண்டும். கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குப் போட்டபோது, இடிந்தகரைப் பக்கம் கடலை விட்டால் வளைகுடா என்று இருந்த இளைஞர்கள் பலருக்கு இந்தக் கதவு சாத்தப்பட்டது. போராட்டத்துக்குத் தண்டனை சிறை என்று நினைப்போம். அங்கே அது பாஸ்போர்ட்டாக இருந்தது.

இன்னொன்று லுக் அவுட் சர்க்குலர், ஒருவரை எல்லையில் நிறுத்தச் சொல்லும் சுற்றறிக்கை. உங்கள் பெயரில் அது இருப்பதை யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள், குடிநுழைவு கவுன்ட்டரில் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்’ என்னும்போதுதான் தெரியும். 2018-ல் பொதுத்துறை வங்கி மேலதிகாரிகளுக்கும் இதைக் கேட்கும் அதிகாரம் கொடுத்தார்கள், கடன் பாக்கிக்காக. 2024 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லாது என்றது. கடன்காரரை நாட்டுக்குள் பூட்டிவைப்பது வசூலிக்கும் வழியல்ல என்பது என் கட்சி. அதே வேளை, வளைகுடா நாடுகளில் கிரெடிட் கார்டு பாக்கிக்கே பயணத் தடை போடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நாட்காட்டிக்கு வருவோம். வரி விஷயத்தில் நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்பது பெரும்பாலும் முக்கியமில்லை, எத்தனை நாள் எங்கே தூங்கினீர்கள் என்பதுதான் கேள்வி. இந்தியக் குடிமகன் வேலைக்காக வெளியே போகும் ஆண்டில், அந்த நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் வசிப்பவர், அதற்குக் குறைந்தால் இல்லை. ஏப்ரல் 1-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 29 தான் 182-வது நாள். வரும் நாள், போகும் நாள் இரண்டையும் எண்ணிக்கொள்வதே பத்திரம். செப்டம்பர் 28-க்குள் குடிநுழைவைத் தாண்டியவரின் வெளிநாட்டுச் சம்பளம் இந்திய வரிக்குள் வராது. ஒரு நாள் தள்ளிப் போனால் மார்ச் வரை வாங்கிய முழுச் சம்பளமும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. அதிகாலை இரண்டரை மணி விமானத்துக்கு இரவு பதினொன்றரைக்கு முத்திரை வாங்கினால் அது ஒரு தேதி, பன்னிரண்டே காலுக்கு வாங்கினால் இன்னொரு தேதி. டிக்கெட்டில் இருக்கும் தேதியை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் ஆடிட்டரிடம் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது இதனால்தான்.

விடுமுறைக்கு வந்துபோகிறவருக்கும் அதே 182 தான். ஆனால் வாடகை, வட்டி, பங்கு லாபம் என்று வெளிநாட்டு வருமானம் நீங்கலாக ஆண்டுக்கு 15 லட்சத்துக்கு மேல் வந்தால், 2020-லிருந்து அது 120 நாளாகச் சுருங்கிவிட்டது, முந்தைய நான்கு ஆண்டில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால். அப்பாவைப் பார்க்க வந்து, கூடவே ஒரு கல்யாணம், ஒரு அறுவை சிகிச்சை என்று தங்கினால் 120 எளிதாகத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் கிடைப்பது ‘வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல’ என்ற அரைத் தகுதி. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அதிலும் இந்திய வரி இல்லை, ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். 1961 வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025 சட்டத்திலும் இந்த எண்கள் மாறவில்லை.

அதே 2020 பட்ஜெட்டில்தான் ஐந்து கொடிக்காரர்களின் கனவில் ஓட்டை விழுந்தது. எந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாத இந்தியக் குடிமகன் இந்தியாவில் வசிப்பதாகவே கருதப்படுவார் என்று ஒரு வரி. பிப்ரவரி 1 சாயங்காலம் வளைகுடாவில் போன்கள் சூடாகிவிட்டன, ஏனென்றால் அங்கே யாருக்குமே வருமான வரி இல்லை. மறுநாளே விளக்கம் வந்தது, உழைத்துச் சம்பாதிப்பவர்களைக் குறிவைக்கவில்லை என்று. சட்டமானபோது அந்த 15 லட்ச வரம்பையும் சேர்த்தார்கள். ஆனால் செய்தி தெளிவு: ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு எந்த ஊரிலும் கணக்கில் வராமல் இருக்கிறேன் என்றால், பாஸ்போர்ட் கொடுத்த ஊர் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு நாட்டின் ஆண்டும் ஒவ்வொரு நாளில் பிறக்கிறது என்பது அடுத்த சிக்கல். இந்தியாவுக்கு ஏப்ரல் 1, பிரிட்டனுக்கு ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவுக்கு ஜூலை 1, அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் ஜனவரி 1. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா வட்டாரமான ஷெங்கனுக்கு ஆண்டே கிடையாது. இன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எடுத்து அதில் 90 தாண்டியதா என்று பார்ப்பார்கள், நாளைக்கு அந்த ஜன்னல் ஒரு நாள் நகரும். ‘90 நாள் இருந்துவிட்டு ஒரு வாரம் வெளியே போய்வந்தால் மறுபடி 90’ என்று நினைத்து வருகிறவர்கள் எல்லையில் அபராதமும் நுழைவுத் தடையும் வாங்கிப் போகிறார்கள்.

தொழில்நுட்பம் இங்கே ஒரு வேலை செய்திருக்கிறது, அதிகம் பேசப்படாத வேலை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது ஒழிந்துவருகிறது. துபாயில் ஸ்மார்ட் கேட், சிங்கப்பூரில் முகமே டிக்கெட், ஐரோப்பாவில் 2025 அக்டோபரிலிருந்து விரல்ரேகையும் முகப்படமும் பதியும் முறை, இந்திய விமான நிலையங்கள் சிலவற்றிலும் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இ-கேட். வரிசை குறைகிறது, சந்தோஷம். ஆனால் முன்பு நீங்கள் எங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற கணக்கு உங்கள் சட்டைப்பையில், உங்கள் பாஸ்போர்ட்டிலேயே இருந்தது. இப்போது அது அவர்கள் சர்வரில் மட்டும் இருக்கிறது. அதில் ஒரு வெளியேற்றம் பதியாமல் போனால் நீங்கள் இன்னும் அந்த நாட்டில் இருப்பதாகத்தான் அர்த்தம். ஆகவே பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி நாமே வைத்துக்கொள்ள வேண்டும்: போர்டிங் பாஸ் ஒவ்வொன்றையும் படம் எடுத்து ஆண்டு வாரியாகப் போடுவது, ஒரு எளிய விரிதாளில் வந்த தேதி, போன தேதி, விமான எண். ஆறேழு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது விமான நிறுவனத்திடம் கேட்டால் பதிவு இல்லை என்பார்கள்.

வங்கிப் படிவத்தில் தவறு செய்யாத என்ஆர்ஐயைக் காண்பது அபூர்வம். அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவும் வருமான வரிச் சட்டமும் ‘வசிப்பவர்’ என்ற ஒரே சொல்லை இரண்டு விதமாக அளக்கின்றன. வரிச் சட்டம் நாளை எண்ணுகிறது. ஃபெமா நோக்கத்தைப் பார்க்கிறது. வேலைக்கென்று விமானம் ஏறிய நாளிலிருந்தே நீங்கள் அதற்கு வெளிநாட்டவர். அன்றிலிருந்து சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும். பத்தாண்டு வெளியே இருந்தும் கல்லூரிக் காலத்துச் சேமிப்புக் கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கேட்கவில்லை என்பதால் சரி என்று ஆகாது. தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட சட்டத்தில் இடமிருக்கிறது.

இரண்டு கணக்கின் குணமும் வேறு. வெளியே சம்பாதித்ததை என்ஆர்இயில் போட்டால் வட்டிக்கு இந்திய வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப் போகலாம். இந்தியாவில் கிடைத்த வாடகை, நிலம் விற்ற பணம் எல்லாம் என்ஆர்ஓ. அதில் வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் முதலிலேயே பிடித்துவிடுவார்கள், வெளியே அனுப்ப நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரம்பு, ஆடிட்டர் சான்றும் படிவமும் வேறு. என்ஆர்இயிலிருந்து என்ஆர்ஓவுக்கு ஒரு கிளிக்கில் மாற்றலாம், திரும்பி வர அந்த ஆடிட்டர் வழிதான். அவசரத்தில் தவறான கணக்கில் பணத்தைக் கொட்டியவர்கள் ஒருவழிப் பாதையில் நுழைந்த வண்டி மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டை விற்கும்போது இன்னும் மோசம். வாங்குபவர் லாபத்தின்மேல் அல்ல, மொத்த விலையின்மேல் வரியைப் பிடிக்க வேண்டியிருக்கும், முன்கூட்டியே வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தச் சான்று வாங்காவிட்டால். அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அட்வான்ஸ் வாங்கியபின் விண்ணப்பித்தால் பத்திரப்பதிவு நாள் கடந்துவிடும்.

70-களில் வெளிநாடு போனவர்களைக் கேட்டால் எட்டு டாலர் கதை சொல்வார்கள், அவ்வளவுதான் கையில் கொண்டுபோக விட்டார்கள் என்று. இன்று இந்தியாவில் வசிப்பவரே ஆண்டுக்கு 2,50,000 டாலர் அனுப்பலாம். பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் 2023 அக்டோபரிலிருந்து, படிப்பு, மருத்துவம் போன்றவை நீங்கலாக, வரம்பு தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் முன்வரியாகப் பிடிக்கிறார்கள். ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும் என்பது சரி, அதுவரை அந்தப் பணம் வட்டியில்லாக் கடனாக அரசிடம் இருக்கும். கதவு திறந்துதான் இருக்கிறது, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

சரி, எங்கே போவது? இதில்தான் எனக்கும் பல லிபர்டேரியன் நண்பர்களுக்கும் தகராறு. ஒவ்வொரு நாடும் சுதந்திரத்தைப் பொட்டலம் பொட்டலமாக விற்கிறது, பிரித்து வாங்க முடியாது. அமீரகத்தைப் பாருங்கள். சம்பளத்துக்கு வரி இல்லை. தனியாளாகத் தொழில் செய்பவர் ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் திர்ஹாமைத் தாண்டினால், 3,75,000-க்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம், அவ்வளவுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேச முடியாது. விபிஎன்னைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியதாகப் பிடிபட்டால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால், கோல்டன் விசா இல்லாதவரின் வசிப்பிட விசா காலாவதி. அரசாங்கத்தை விமர்சித்து எழுதுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வரி இல்லாததைச் சுதந்திரம் என்று அழைக்கிறவர்கள், அங்கே வாய் திறக்காமல் இருப்பதற்கு என்ன விலை போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

சிங்கப்பூரில் வேறு பொட்டலம். வரி குறைவு, வேலை சுத்தம், கம்பெனி ஒரு நாளில் பதியலாம். ஆனால் நிரந்தரவாசம் வாங்கிய குடும்பத்தின் பையன் 18 வயதில் இரண்டு ஆண்டு தேசிய சேவைக்குப் போக வேண்டும், பிறகு பல ஆண்டுகள் வருடாந்தரப் பயிற்சி. 13 வயதிலிருந்தே மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பெர்மிட். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் திருப்பிக் கொடுத்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது எதிராக நிற்கும். கட்டாய ராணுவம்தான் அரசு செய்யக்கூடிய ஆகப் பெரிய பறிப்பு என்பது லிபர்டேரியன் பாலபாடம். அதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களே மகன் பிறக்கும் முன் நிரந்தரவாச விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போனவர்கள் கவனிக்க வேண்டியது வெளியேறும் வாசல். குடியுரிமையை வைத்து உலக வருமானத்துக்கு வரி கேட்கும் நாடுகள் வெகு சிலவே, அமெரிக்காவும் எரித்ரியாவும் அவற்றில் சேரும். கிரீன் கார்டுக்கும் அதே விதி. அதோடு 15 ஆண்டில் 8 ஆண்டு கிரீன் கார்டு வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டியிருக்கும் பட்சத்தில் எல்லாவற்றையும் விற்றதாகக் கற்பனை செய்து வெளியேற்ற வரி போடுவார்கள். சான் ஹோசேயில் ஒரு வீடும் ஓய்வூதியக் கணக்கும் இருந்தாலே அந்த வரம்பு பக்கத்தில் வந்துவிடும். ஆக, ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் எட்டாவது ஆண்டு தொடங்கும் முன் முடிவெடுக்க வேண்டும், நாட்காட்டி ஆண்டில் ஒரு நாள் கார்டு இருந்தாலும் அது ஓர் ஆண்டாகவே எண்ணப்படும். மைலாப்பூரில் அம்மாவோடு கூட்டாக வைத்த கணக்கையும் சேர்த்து, வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலே அறிக்கை தர வேண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருந்தால் அதற்குத் தனிப் படிவம், தனித் தலைவலி. அமெரிக்க முதலீட்டாளரே வேண்டாம் என்று இந்திய ஃபண்ட் நிறுவனங்கள் பல சொல்வதற்குக் காரணம் ஃபாட்கா, அதாவது அமெரிக்கர்களின் கணக்குகளைத் தெரிவிக்கும்படி வெளிநாட்டு நிதி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் அமெரிக்கச் சட்டம்.

இரண்டாவது பாஸ்போர்ட் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியருக்கு ‘இரண்டாவது’ என்று ஒன்று கிடையாது. வேறு குடியுரிமை வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், பழைய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தினால் குற்றம். பதிலுக்குக் கிடைக்கும் ஓசிஐ அட்டை வாழ்நாள் விசா மட்டுமே: ஓட்டில்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, பத்திரிகை வேலைக்கும் ஆய்வுக்கும் தனி அனுமதி வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அரசு அறிவிக்கும் எந்தச் சட்டத்தை மீறினாலும் அதை ரத்து செய்யலாம். இலங்கைத் தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் நல்ல கை, இரட்டைக் குடியுரிமைக்கு அங்கே வழி இருக்கிறது, ஆனால் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது.

எல்லையில் போனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: விமானம் இறங்கும் முன் போனை முழுவதும் அணைத்துவிடுங்கள். பூட்டுவதும் அணைப்பதும் ஒன்றல்ல. அணைத்துத் திறந்த போன், முதல் முறை கடவுச்சொல் போடும்வரை உள்ளிருக்கும் தகவலின் சாவியையே நினைவகத்தில் ஏற்றுவதில்லை. விரல்ரேகை, முகம் இரண்டும் அப்போது வேலை செய்யாது. ஆறு இலக்க எண்ணைவிட எழுத்தும் எண்ணும் கலந்த சொல் வலுவானது. ஆனால் தொழில்நுட்பம் இங்கே பாதிதான். நியூசிலாந்தில் கடவுச்சொல் தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம், இந்தியாவில் சட்டப்படியான மறைநீக்க உத்தரவை மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. ஆகவே மறைக்கும் சாமர்த்தியத்தைவிடக் கொண்டுபோகாத சாமர்த்தியம் மேல்: பயணத்துக்குத் தனிப் போன், மேகக் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு, போய்ச் சேர்ந்தபின் உள்ளே வருவது. அதற்கு ஓடிபி வேண்டாத இரண்டாம் சாவி தேவை. ஆதென்டிகேட்டர் செயலி, அச்சிட்ட மாற்றுக் குறியீடுகள், முடிந்தால் யூபிகீ என்னும் சிறு வன்பொருள் சாவி இரண்டு. ஒன்று உங்களிடம், ஒன்று வீட்டில். ஒன்று மட்டும் வாங்கியவர் அதைத் தொலைக்கும் நாளில் கணக்கையும் தொலைக்கிறார். சாட்டிலைட் போனையும், மலையேறுபவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் மெசேஜ் கருவியையும் அனுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். அதற்காக விமான நிலையத்தில் கைதான வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

இவ்வளவும் படித்தவர்களின் பிரச்சினை. ஆடிட்டர் வைத்துக்கொள்ளக்கூடியவர்களின் பிரச்சினை. வெளியேறும் உரிமையில் அரசு இன்னும் நேரடியாகக் கை வைக்கும் இடம் வேறு, இந்திய லிபர்டேரியன்கள் அதிகம் எழுதாத இடம். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சாகி வரும். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணென்றால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஏஜென்ட் ஏமாற்றுகிறான், முதலாளி அடிக்கிறான், பாதுகாக்கத்தான் இந்த விதி என்பார்கள். ஏமாற்றுவது உண்மை. ஆனால் 26 வயதில் கணவனை இழந்த பெண் நான்கு ஆண்டு காத்திருக்க மாட்டாள். சுற்றுலா விசாவில் போவாள், அல்லது வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போவாள். அங்கே அடி விழும்போது தூதரகத்தின் பதிவேட்டில் அவள் பெயர் இருக்காது. பாதுகாக்க வந்த விதியே அவளைப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

இந்த அனுமதி யாருக்குத் தேவையில்லை என்ற பட்டியலும் அதே விதியில் இருக்கிறது. பத்தாவது தேறியவர், 50 வயது தாண்டியவர், மூன்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். கூடவே, வருமான வரி கட்டுகிறவர்.